இன்னும் தோண்டு!

இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் நாளையிலருந்து எனக்குப் பேச்சே வராமப் போகட்டும். என் பொண்டாட்டி தினமும் வேண்டிக்கிறதும் அதுதான்.

"படுபாவி! கூடப்பொறந்தவ வீட்டை இடிக்க வண்டியோட வந்துட்டியாடா?"

பொக்லைன் டிரைவருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அந்தக் காலி மனையில தகரக் கொட்டகை போட்டு, துணி தேய்ச்சுப் பொழைக்கிறவ அவனோட சொந்த அக்கா.

"நான் வரலன்னா வேற எவனாவது வருவான்க்கா. நானாவது சட்டிபானைய எடுத்து வெளிய வச்சிட்டு இடிப்பேன்."

"ஆஹா, என்ன பாசம்! இஸ்திரிப்பெட்டி சூடாத்தான் இருக்கு. கிட்ட வா, கன்னத்தைக் காட்டு."

விஷயம் இதுதான். மனை எங்களோடதுன்னு ரெண்டு தெரு மல்லுக்கட்டுது. கிழக்குத் தெருத் தலைவருக்குப் பட்டப்பேரு 'கோட்டை'. "எங்க ராஜா கோட்டை கட்டின மண்ணு"ம்பாரு. மேற்குத் தெருத் தலைவர் 'ஜோதி'. "எங்க சாமி கால் வச்ச மண்ணு"ம்பாரு. யாரு ஜெயிச்சாலும் சாயங்காலத்துக்குள்ள கொட்டகை காலி.

நில அதிகாரி குடையோட நடுவுல நின்னாரு. "நேத்தே சொன்னபடி தோண்டிப் பாத்துருவோம். யாரு பொருள் ரொம்ப ஆழத்துல கெடைக்குதோ அவங்கதான் முதல்ல வந்தவங்க. மனை அவங்களுக்கு. சம்மதமா?"

"சம்மதம்!" ரெண்டு தெருவும் தொண்டை கிழியக் கத்துச்சு.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா?"ன்னா அக்கா.

"நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசுறோம்ல!"

டிரைவர் பக்கெட்டை இறக்கினான். முழங்கால் ஆழத்துலயே 'ணங்'னு ஒரு சத்தம். துருப்பிடிச்ச வாளு!

"எங்க ராஜா வாளு!" கோட்டை குதிச்ச குதியில ஒரு செருப்பு பறந்துபோயிருச்சு.

"அவசரப்படாதய்யா! தம்பி, இன்னும் தோண்டு!"ன்னாரு ஜோதி.

இடுப்பளவு ஆழத்துல ஒரு கல்விளக்கு!

"பாத்தியா? உங்க ராஜாவே எங்க சாமிக்குப் பின்னாடிதான்!"

"சார், அது வந்து..." அக்கா மறுபடியும் வாயைத் திறந்தா.

"யாராவது அந்தம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கப்பா!"

டிரைவர் அக்கா கொட்டகையைத் திரும்பிப் பாத்தான். அடுத்து இடிக்க வேண்டியது கொட்டகைதான்.

கோட்டை விடல. "தோண்டுடா! அடியில கோட்டையே இருக்கு! இன்னும் தோண்டு!"

ரெண்டாள் ஆழம் போயாச்சு. கோட்டையும் இல்ல, கோயிலும் இல்ல. கரி புடிச்ச மூணு கல்லு, பக்கத்துல ஒரு உடைஞ்ச சட்டி.

கூட்டம் குழிக்குள்ள எட்டிப் பாத்துச்சு.

"அடுப்பு"ன்னாரு அதிகாரி. "யாரோ சோறாக்கித் தின்னுருக்காங்க."

"எந்தத் தெருக்காரங்க?"

"அடுப்புக்கு ஏதுய்யா தெரு? உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி வந்தவங்க. நீங்க ஒத்துக்கிட்டபடி மனை அவங்களுக்கு. அவங்க வாரிசு வந்து கேக்குற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. கொட்டகை இருக்கிறபடியே இருக்கட்டும்."

கோட்டையும் ஜோதியும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. பொறந்ததுலருந்து மொத தடவையா ரெண்டு பேருக்கும் ஒரே குரல் வந்துச்சு.

"மூடுடா குழியை!"

கூட்டம் கலைஞ்சதும் டிரைவர் வண்டியிலருந்து குதிச்சு ஓடினான்.

"தப்பிச்சோம்க்கா! ஆனாலும் பாரேன், அந்த வாளும் விளக்கும் எத்தனை காலமா மண்ணுக்குள்ள கெடந்துச்சோ!"

"நேத்து சாயங்காலத்துலருந்து. ரெண்டு பேருமே என்கிட்டதான்டா மண்வெட்டி இரவல் வாங்கினாங்க."

"அடிப்பாவி! இதை ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"ரெண்டு தரம் வாயைத் தொறந்தேன். குடியிருக்கிறவள எவன்டா பேச விட்டான்?"

அவ்வளவுதான் கதை. கேட்டவங்கல்லாம் ஆளுக்கொரு டீ காசை எடுங்க. "எங்க தாத்தா அப்பவே குடுத்துட்டாரு"ன்னு எவனாவது சொன்னா, போய் ரசீதைத் தோண்டி எடுத்துட்டு வரணும், ஆமா!