இயக்குநர் ஊட்டிய கேக்

ஹார்மோன் தின்று வளர்ந்த நிரோஷாவின் மார்புக் கட்டி, புதிய சிகிச்சை முறைப்படி, அயோடினுக்கு நன்றாகப் பசித்திருந்தால்தான் அயோடின் கலந்த கதிர்மருந்தை விழுங்கிச் சாகும். அதற்காகவே மூன்று வாரமாக அயோடின் உள்ள பாக்கெட் உப்பு, பால், முட்டை எதையும் தொடாமல் வெறுங்கஞ்சியில் ஓட்டியிருந்தாள். மருந்து தரும் நாளில்தான் தெரிந்தது, அவள் அந்த மருத்துவமனையின் பத்தாயிரமாவது நோயாளியாம். இயக்குநர் பொன்னாடை போர்த்தி, கேமராவைப் பார்த்தபடியே அவள் வாயில் கேக்கைத் திணித்தார். கைதட்டல் அடங்கியதும் அவள் எச்சிலைச் சோதித்த மருந்து இயந்திரம், பாலையும் முட்டையையும் கண்டுபிடித்துக் கதவைச் சாத்திக்கொண்டது.

"ஏன்க்கா முழுங்குனீங்க?" என்றாள் நர்ஸ்.

"அவ்வளவு பேர் முன்னாடி எப்படிம்மா துப்புறது?" என்றாள் நிரோஷா, சோர்ந்துபோய்.

இயந்திரம் சீட்டை நீட்டியது: "மூன்று வாரம் கழித்து வரவும். காரணம்: நோயாளி ஒத்துழைக்கவில்லை."