ஜன்னலோரக் கோப்பை

ஆசிரியர் அறையில் மதிய வெயில் மேசையின் பாதியை மட்டும் பிடித்திருக்கிறது. கணக்கு டீச்சர் கைப்பேசியை முறைத்துக்கொண்டிருக்கிறாள். ‘பின்னம் என்றாலே பிள்ளைகள் திருதிருவென விழிக்கிறார்கள், எங்கள் பள்ளியில் யோசனை கேட்க ஆளே இல்லை’ என்று இணையக் குழுவில் காலையில் போட்டதற்குப் பதில்கள் குவிகின்றன. காகிதத்தை மடித்துக் காட்டு என்கிறார் ஒருவர். காகிதம் பக்கமே போகாதே என்கிறார் இன்னொருவர். தலை கிறுகிறுக்கிறது. யாரோ ஒருவர் மட்டும், முகப்படத்துக்குப் பதில் ஒரு செடியை வைத்துக்கொண்டு, பொறுமையாக விளக்கியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்குகிறாள்: காது உடைந்த நீலக் கோப்பையில் செடி. நிமிர்ந்தால், ஜன்னலோரத்தில் அதே கோப்பை. அதற்குத் தண்ணீர் ஊற்றும் எதிர்மேசை அறிவியல் டீச்சர் திரும்பாமலே கேட்கிறாள்: “புரிஞ்சுதா, இல்ல இன்னொரு தடவ சொல்லட்டுமா?” கணக்கு டீச்சரின் கட்டைவிரல், ‘ஆளே இல்லை’ என்ற இடத்தை மூடிக்கொண்டு அப்படியே நிற்கிறது.