வெட்டிய முகங்கள்

பாலேஸ்வரி வாசிகசாலை மேசையில் பரப்பிய படங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஆளுக்குத்தான் முகம் இல்லை. கழுத்துக்கு மேலே சின்னச் சதுரமாக ஓட்டை. அருகில் நின்ற மூத்த மகன் அரும்பு மீசையும் சிரிப்புமாக முழுசாக இருந்தான்.

"இது இளையவர்தானே அக்கா?" என்று கேட்டார் முத்துக்குமாரு.

"ஓம் தம்பி. குகதாசன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இளந்தாரி மகன் எங்கே என்று ஒரு தாயிடம் கேட்கிற வழக்கம் அந்த வருடங்களில் பருத்தித்துறைக் கரையோரத்தில் இல்லை. பிள்ளை போராட இயக்கத்துக்குப் போயிருந்தால், அவளைப் பொய் சொல்ல வைத்ததாகிவிடும்.

முகம் வெட்டிய படங்களும் அவருக்குப் புதிதல்ல. ராணுவச் சோதனை என்று ஆமி வீட்டுக்குள் வந்தால் முதலில் சுவரைத்தான் பார்க்கும். படத்தைக் காட்டி, இவன் எங்கே என்று தொடங்கும். அந்தப் பயத்தில் ஊரின் பாதிப் படங்கள் அடுப்புக்குள் போயின. மிச்சத்தில் கத்திரிக்கோல் விளையாடியது.

அதிலும் தப்பியதைத்தான் முத்துக்குமாரு சேர்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், தொண்ணூறில் திரும்பி வந்து பார்த்தால் சந்தையைக் காணவில்லை, படித்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. இப்படி ஒரு ஊர் இருந்தது என்று காட்ட நாலு படமாவது மிஞ்சட்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். படப் பைத்தியம் என்று பெயர் எடுத்ததுதான் கண்ட பலன். இரண்டு வருட அலைச்சலும் வாசிகசாலையில் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

"மற்ற ஆக்கள் தந்ததுகளையும் நான் ஒருக்காப் பாக்கலாமோ?" என்றாள் பாலேஸ்வரி.

அவர் பெட்டியைத் திறந்து கொடுத்தார். கோயில் தேர், கலியாண வீடு, மீன் சந்தை. ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முகம் முகமாக விரல் வைத்துக்கொண்டு போனாள். தேரையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளை பொம்பிளையையும் பார்க்கவில்லை.

வள்ள ஓட்டப் போட்டிப் படத்தில் விரல் நின்றுவிட்டது. கரையில் கூடி நின்ற கூட்டத்துக்குள், இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஒரு பெடியன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"கத்திரிக்கோல் இருக்கோ தம்பி?"

முத்துக்குமாரு எட்டிப் பாய்ந்தார். படத்தைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்ன கதை கதைக்கிறியள்? எங்கடை ஊரிலை கடைசியாய் நடந்த வள்ள ஓட்டம் இது. உலகத்திலை இந்த ஒரு படந்தான் கிடக்கு!"

"எனக்குப் படம் வேண்டாம். அவன்ரை முகம் மட்டும் போதும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன்."

"ஏலாது அக்கா. ஒவ்வொரு தாயும் வந்து இப்பிடி வெட்டினால் ஊருக்கு என்ன மிஞ்சும்?"

சொன்ன பிறகு அவருக்கே மனம் கேட்கவில்லை. பாவம், எத்தனை வருடப் பயம், ஒரு நாளில் விட்டுப் போகுமா? மேசைக்கு மறுபக்கம் வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஆமி இஞ்சையிருந்து போய் ரெண்டு வருசமாச்சு. காம்ப் கிடந்த இடத்திலை இப்ப ஆடு மேயுது. இனி ஆருக்குப் பயம்? நீங்கள் வெட்டி ஒளிச்சு வைச்ச முகங்களைக் கொண்டு வாங்கோ. இருந்த இடத்திலையே வடிவாய் ஒட்டித் தாறன். மகனும் ஊரோடை இருக்கட்டும்."

பாலேஸ்வரி தன் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒளிக்கேல்லைத் தம்பி. 'நீங்கள் பிடிச்சுக்கொண்டு போன பிள்ளை இவன்தான், எங்கை?' எண்டு கேட்டுக் கேட்டு, வெட்டின முகங்களைக் காம்ப் காம்பாய் ஆமியிட்டை நான்தான் குடுத்தனான்."