ஒரு செம்புத் தண்ணீர்

மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் கிழக்குச் சுவரோரம் பெஞ்சில். எங்கள் ஆட்கள் எதிரே ஜமுக்காளத்தில். நட்டநடுவே என் தங்கை பிரமு, பக்கத்தில் நிச்சயப் பெண்ணான அவள் மகள். நான் பின்கதவோரம், கழிப்பறைக்குப் பத்தடி தூரத்தில், தனி நாற்காலியில். பிரமு ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். குடித்த கையோடு, யாரோ சொன்னதற்கு உடம்பு குலுங்கச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் நகையைப் பார்த்துக்கூட நான் அப்படி எரிந்ததில்லை. முந்தின நாள் மாலையோடு நான் தண்ணீரை நிறுத்தியிருந்தேன். சிரித்தால் சேலை நனைந்துவிடும்.

"ஏக்கா, என் மக நிச்சயத்துல எழவு வீட்டுக்கு வந்த மாதிரியா உக்காந்திருப்ப? பிடிக்கலன்னா கல்யாணத்துக்கு வராத" என்றாள், எல்லார் முன்பும்.

ஒன்பது நாள் நான் தலை வாரவில்லை, யாரோடும் பேசவில்லை. பத்தாம் நாள் போய்ப் பார்த்த டாக்டரம்மா, "சிறுநீர் அடங்காததை மறைச்சு மறைச்சே மனசும் முடங்கிப்போச்சு. ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. முதல்ல வீட்டாள் ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க" என்றார்.

இன்று பிரமுவுக்கு எழுதினேன். உடம்பைப் பற்றி இரண்டு பக்கம். கடைசியில், 'உன் மேல் கோபமில்லை, நீ குடித்த தண்ணீர் மேல்தான் பொறாமை' என்று முடித்தேன். உறையின் பசையை நாக்கால் நனைக்கப் பார்த்தேன். நாக்கில் ஈரமே இல்லை. அடுக்களைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தேன். பிறகு உறையை ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டி வரை நானே நடந்துபோய்ப் போட்டேன்.