ஆடாத ஊசி

ஒர்க்ஷாப் லிப்டில் இடுப்பு உயரத்துக்கு ஏறி நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரின் அருகே, அதன் சொந்தக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். போன வாரம்தான் ஆசை ஆசையாகப் பெரிய பிரேக் டிஸ்க்குகளை அவனே மாட்டினான். அன்றிலிருந்து பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் வெடவெடவென்று ஆடுகிறது. "இனி இதுல ஏற மாட்டேன்" என்று மனைவி பஸ்ஸில் போகிறாள். மெக்கானிக்கான அவள் அண்ணன் முன்சக்கரத்து டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றுகிறார். அதைத் தொட்டபடி கோணலை அளக்கும் டயல் கேஜின் ஊசி இப்படியும் அப்படியும் அலைகிறது. டிஸ்க்கைக் கழற்றினால், அது போய் உட்காரும் இரும்பில் திட்டுத் திட்டாகச் சிவப்புப் பெயின்ட். "மாப்ள, இங்கயுமா அடிச்சீங்க?" "பாக்க அழகா இருக்கும்னு, மச்சான்..." "டிஸ்க்க மாட்டினப்புறம் இத யாரு பாக்கப் போறா? இந்தப் பெயின்ட் மேட்டு மேல டிஸ்க் கோணலா உக்காந்திருக்கு, அதான் ஸ்டீயரிங் ஆடுது." அவன் அசடு வழிகிறான். உப்புத்தாள் சரசரக்கிறது, மாலை வெயிலில் சிவப்புத் தூள் பறந்து இருவர் மீசையிலும் படிகிறது. அடியிலிருந்து இரும்பு பளிச்சென்று தலைகாட்டுகிறது. டிஸ்க் மறுபடி ஏறுகிறது, நட்டுகள் இறுகுகின்றன. ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஊசி குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. "அந்தப் பக்கத்தையும் சுரண்டுங்க" என்று உப்புத்தாளை அவன் கையில் திணித்துவிட்டு, மச்சான் போனை எடுக்கிறார். "பஸ்ஸுக்கு நிக்காதம்மா. அரை மணி பொறு, உன் வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போக வர்றாரு."