அவரிட்டச் சொல்லுங்கோ பிள்ளை

தர்மபுரத்தில், கிடுகால் வேய்ந்த உளவளத்துணைக் கொட்டிலுக்குள் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. ஒன்றையொன்று பார்க்கப் போட்டிருந்த கதிரைகளைத் தவராசாவும் அமராவதியும் பிணக்குக் கேட்டு ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளர் கஜேந்தினியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். மனைவியைக் கேளாமல் கறவைப் பசுவைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார் தவராசா. பொங்கலிலிருந்து பேச்சில்லை. இங்கேயும் தனித்தனிச் சைக்கிளில்தான் வந்திருக்கிறார்கள். "அவவுக்குக் கோவமெண்டு எனக்குத் தெரியும், சொல்லுங்கோ பிள்ளை" என்கிறார் தவராசா. "தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை எண்டு அவரிட்டக் கேளுங்கோ பிள்ளை" என்கிறாள் அமராவதி. கரப்பந்தாட்டம் பார்ப்பவளைப் போலத் திரும்பித் திரும்பிக் கஜேந்தினிக்குக் கழுத்து வலிக்கிறது. "உங்கட கதையை நான் அங்கையும் இஞ்சையும் காவமாட்டன். ஆளையாள் பாத்துக் கதையுங்கோ." இருவரும் அவளையே பார்க்கிறார்கள். தரையில் கிடந்த வெயில் மறைகிறது. இடி உருள்கிறது. "அவிச்ச நெல்லுப் பாயில காயுது எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ…" என்று தொடங்கிய அமராவதி, கிடுகில் துளி விழும் சத்தம் கேட்டு எழும்புகிறாள். "இஞ்சேருங்கோ, நெல்லு நனையப்போகுது." தவராசாவும் எழும்பிவிட்டார். "ஏனப்பா மூடிப்போட்டு வரேல்லை?" "மூடுற படங்கையும் மாட்டோட சேர்த்துத் தங்கச்சிக்குக் குடுத்தது ஆர்?" "சரி, ஏறும் கெதியா." கரியரில் அவளை ஏற்றிக்கொண்டு அவர் மிதிக்கிறார். ஒழுங்கை வளைவு தாண்டும்வரை படங்குச் சண்டை மழையை மீறிக் கேட்கிறது. கஜேந்தினி கழுத்தைத் தடவியபடி வாசலில் நிற்கிறாள். வேம்பில் சாத்திய அமராவதியின் சைக்கிள் தனியே நனைகிறது.