ஏழாம் நம்பர் வாசல்

"எந்திரி. அது உட்கார்ற பெஞ்ச் இல்ல, வாசப்படி."

தொப்பி போட்ட இளைஞன் திடுக்கிட்டு எழுந்தான். அவன் மனைவி செல்போனைக் குச்சியில் மாட்டிப் பிடித்தபடி சிரித்தாள்.

"ஒரே ஒரு போட்டோக்கா."

"காலையிலேருந்து இருநூறு பேர் ஒரே ஒரு போட்டோ கேட்டாச்சு. உங்க ஊர்ல சுவரே கிடையாதா? வீட்டையெல்லாம் துணியிலயா கட்டியிருக்கீங்க?"

கையில் துடைப்பத்தோடு ஏழாம் நம்பர் வாசலில் நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். அந்தச் சந்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதவில் எழுதிய நம்பர்தான் பேர். இவள் ஏழு. எதிர் மாடி ஜன்னலில் துணி உதறிக்கொண்டிருந்த பெரியவர் எட்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது தபால்காரருக்கே மறந்துபோகிற சந்து. முப்பது படி, இரண்டு பக்கமும் பச்சைக் கதவுகள், நடுவில் சாக்கடை. அவ்வளவுதான். கார் டயர் பஞ்சராகி நின்ற யாரோ ஒருத்தி, பொழுது போகாமல் அந்தப் படியில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துப் போட்டாள். தீர்ந்தது. ஊர் உலகமெல்லாம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வந்தது. சாக்கடையைப் பார்த்து ஓடை என்றது. பின்னாலேயே ஒரு கம்பெனி வந்து சந்து முழுவதையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. அங்கே யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்பதெல்லாம் இப்போது அந்தக் கம்பெனி வைத்த சட்டம்.

"எவ்ளோ அமைதியான இடம். கொடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றாள் தொப்பிக்காரன் மனைவி.

"அமைதியாத்தான் இருந்துச்சு. அதைப் பார்க்கணும்னு நாலாயிரம் பேர் வந்து இறங்கினீங்க பாரு, அன்னையோட போச்சு. ஏம்ப்பா தொப்பி, ஜன்னல்ல என்ன எட்டிப் பார்க்கறே? உள்ள புலியா கட்டியிருக்கு? என் பாவாடை காயுது. கழட்டித் தரட்டுமா, கொண்டுபோய் உங்க வீட்டு ஹால்ல மாட்டிக்கறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொப்பிக்காரன் காது சிவக்க நகர்ந்தான்.

கூட்டம் படியேறி வளைவில் மறைந்ததும் எட்டு ஜன்னலில் குனிந்தார்.

"தங்கச்சி, இன்னைக்கு ஆபீஸ்லேருந்து ஆள் வர்றார். உன்னை இங்க வச்சிருக்கறதா வேண்டாமான்னு இன்னைக்கு முடிவாயிடும். பதினோராம் நம்பரை இப்படித்தான் வந்து பார்த்துட்டு, சாயங்காலமே கிளம்பச் சொல்லிட்டாங்க."

"அந்தம்மா என்னண்ணே பண்ணிச்சு?"

"வந்தவங்களுக்குப் பிடிக்கலையாம்."

அவள் முகம் சுண்டிப்போனது. "எனக்கு இதை விட்டா வேற போக்கிடம் இல்லண்ணே. அவரு இடுப்பு உடைஞ்சு படுத்துக் கிடக்காரு. ரெண்டும் பொண்ணு. நான் எங்க போய் நிப்பேன்?"

"அதான் சொல்றேன், பார்த்துப் பேசு. மாசத்துக்கு ஒரு ஆளை மாத்தி மாத்தி அனுப்பறாங்க. நான்தான் ஆபீஸ்காரன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவாங்க?"

அடுத்த கூட்டம் மூச்சு வாங்க ஏறி வந்தது. அதில் தனியாக ஒருவர். அறுபது வயதிருக்கும். தோளில் பை, சட்டை முழுக்க வேர்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

உள்ளே குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. மனுஷர் நிற்கவே தடுமாறினார். ஒரு டம்ளர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எதிர் ஜன்னலைப் பார்த்தாள். எட்டு உதறிய துணியையே திரும்ப உதறிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து செல்போன்கள் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தன.

துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி டேங்க்குன்னு கதவுல எழுதியிருக்கா? முப்பது படி ஏறத் தெரிஞ்சவருக்கு ஒரு பாட்டில் தூக்கிட்டு வரத் தெரியலையா? வயசு மட்டும் ஏறினாப் போதுமா? முனையில கடை இருக்கு. அங்க போய்க் குடிச்சுட்டு, அப்படியே ஊர் போய்ச் சேருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

ஐந்து மணிக்குச் சந்தின் கேட்டைச் சாத்தினார்கள். எல்லாரும் போன பிறகும் அவர் போகவில்லை. மெல்ல நடந்து வந்து, ஏழாம் நம்பர் வாசலில் நின்று, பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"ஆபீஸ்லேருந்து வரேம்மா."

துடைப்பம் அவள் கையிலிருந்து நழுவியது. "சார், நீங்கன்னு தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. உட்காருங்க, இதோ தண்ணி கொண்டுவரேன்."

"இருக்கட்டும்" என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி. "நீங்க என்னைத் திட்டினதைப் பதினஞ்சு பேர் படம் எடுத்தாங்க. அதுல நாலு பேர், அடுத்த மாசம் வீட்டோட வந்து திட்டு வாங்கணும்னு பேசிக்கிட்டாங்க. இனிமே இந்த வேலை உங்களுக்கு நிரந்தரம். நாளைக்கும் வழக்கம்போல எல்லாரோடயும் கம்பெனி பஸ்ல வந்துடுங்க."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எனக்கு முன்னாடி இந்த வாசல்ல நின்னவங்களை ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"அவங்க இந்த வீட்டுலயே பொறந்து வளர்ந்தவங்கம்மா. நாங்க எவ்வளவோ சொல்லிக் குடுத்தும் அவங்களுக்குத் திட்ட வரலை. யார் வந்தாலும் சிரிச்ச முகமா உள்ள கூப்பிட்டு உட்கார வச்சுச் சோறு போட்டுட்டிருந்தாங்க. இந்தத் தெருக்காரங்க மாதிரியே இல்லை, சுத்த நடிப்புன்னு வந்தவங்கல்லாம் எழுதிட்டாங்க."